இடம் கிடைத்தது சரி, தங்குவது எங்கே?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தா விஷயமாக லெம்பா பெர்த்தாம் பக்கம் போயிருந்தோம். மத்தியானம் தாண்டியும் பனி இறங்கியபடியே இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் கடைசிக்கு முந்தின வீடு. அங்கே ஒரு பெரியவர். ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை. அவர் மனைவி கொழுந்து வெட்டுகிறவர். உள்ளே நுழைந்ததுமே ஏதோ இழவு வீடு மாதிரி இருந்தது.

"என்னாண்ணே, யாருக்காவது சீக்கா?" என்று கேட்டோம்.

"சீக்கெல்லாம் இல்ல தம்பி. புள்ளைக்கு யூனிவர்சிட்டி கெடைச்சிருச்சு. அதான்."

பாருங்கள் தோழர்களே! எஸ்.டி.பி.எம். பரீட்சையில் பாஸ் பண்ணி, பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியிருக்கிறது ஒரு தோட்டத்துப் பிள்ளை. கேசரி கிண்டிப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வீட்டில் மூன்று நாளாக யாருக்கும் சோறு இறங்கவில்லை. இடம் கிடைத்தது கெடா மாநிலம் சிந்தோக்கில் இருக்கிற உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்தில். தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்து ஊர். பொம்பளப் பிள்ளை. எங்கே தங்க வைப்பது?

பெரியவர் ஒரு முடிவோடுதான் இருந்தார். சுங்கை பட்டாணியில் அவருடைய தங்கை வீடு இருக்கிறது, அங்கிருந்தே போய் வரட்டும் என்றார். "அதுவும் கெடா, இதுவும் கெடா. என்னா பெரிய தூரம்?" அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் கைப்பேசியில் வரைபடத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டியது. சுங்கை பட்டாணியிலிருந்து சிந்தோக்குக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். நம் ரிங்லெட்டிலிருந்து கீழே தாப்பாவுக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம். அதைத் தினமும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போக வேண்டும்! பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். தூரம் குறையவில்லை.

அம்மாவுக்கு வேறு கவலை. "ஆஸ்ராமாவுல விட்டா நாலு பேரு என்னா சொல்லுவாங்க தம்பி?"

இந்த இரண்டு கேள்விகளையும் எத்தனையோ லயங்களில் கேட்டுவிட்டோம். சொந்தக்காரர் வீடா, விடுதியா, வாடகை அறையா? முடிவு எடுக்கத் தெரியாமலே வீணாய்ப் போன இடங்கள் நமக்குத் தெரிந்து உண்டு. மார்க் இல்லாமல் போனதல்ல, பணம் இல்லாமல் போனது கூட அல்ல. "தங்க எடமில்ல" என்ற ஒரே பேச்சில் போனவை. ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே பேசுவோம்.

நம்முடைய தயக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டத்தில், ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரை 10 பிள்ளைகள் இருந்தால் அங்கேயே பள்ளி வைக்க வேண்டும் என்று இருந்தது. பள்ளி லயத்துக்குப் பக்கத்தில். கோயில் பள்ளிக்குப் பக்கத்தில். கடை, ஆயாக் கொட்டகை எல்லாம் கூப்பிடு தூரம். பாட்டன் காலம் தொட்டு நம் பிள்ளை ராத்திரி வேறிடத்தில் படுத்ததில்லை. வெளியே போய்ப் படிப்பது என்றால் மாமன் வீடு, சித்தி வீடு என்றுதான் நமக்கு யோசனை ஓடும்.

நாமும் அப்படித்தான் போனோம். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிறகு, கீழே தாப்பாவில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மாமா நல்லவர். அத்தையும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஆனால் இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர். நமக்குப் படுக்கை கூடத்தில். டிவி பார்க்கிற கடைசி ஆள் எழுந்து போன பிறகுதான் பாயை விரிக்க முடியும். பாடம் படிக்க உட்கார்ந்தால் "டேய், ஓடிப்போய் சீனி வாங்கிட்டு வா" என்பார்கள். சாப்பிடுகிற வீட்டில் சீனி வாங்கி வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? கைக்குழந்தை அழுதால் தூக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்கக் கூச்சம். யாரும் நம்மைக் கொடுமைப்படுத்தவில்லை. ஆனாலும் மூன்றாம் பாரத்தோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு மலை ஏறிவிட்டோம். அடுத்த மாதமே தோட்டத்தில் பேர் பதிந்து மருந்து டாங்கியைத் தோளில் மாட்டினோம்.

இதை மாமாவின் மேல் குறையாகச் சொல்லவில்லை. அவர் வீட்டில் நமக்கு உறவு இருந்தது, மேசை இல்லை. படிக்கிற பிள்ளைக்கு ஒரு மேசையும், ராத்திரி பதினோரு மணி வரை எரிகிற ஒரு விளக்கும், "எங்கே போனே" என்று கேட்காத இரண்டு மணி நேரமும் வேண்டும்.

எனவே நாம் சொல்வது இதுதான்: முதல் வருஷம் பிள்ளை பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கட்டும். சொந்தக்காரர் வீடு பக்கத்தில் இருந்தால் மிகவும் நல்லது, சனி ஞாயிறு போய் ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு வரட்டும். சீக்கு என்றால் ஓடி வர ஓர் ஆள் இருக்கட்டும். ஆனால் குடியிருப்பு விடுதியில்தான்.

விடுதிக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு பெயர். அதிலேயே நம் ஆட்கள் குழம்பிப் போகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 'கோலேஜ் கெடியாமான்' என்பார்கள், ஒன்று இரண்டு என்று எண்களும் உண்டு. "என் மவனுக்கு அஞ்சாவது காலேஜ்ல எடம் கெடைச்சிருக்கு, மத்த நாலு காலேஜ் என்னாச்சு?" என்று ஓர் அண்ணன் நம்மிடம் கேட்டார். அந்த 'கோலேஜ்' படிக்கிற கல்லூரி அல்ல, தூங்குகிற கல்லூரி! பினாங்கில் இருக்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 'தேசாசிஸ்வா' என்பார்கள். சிந்தோக்கில் 'இனாசிஸ்'. அங்கே விடுதிகளுக்குக் கம்பெனிப் பெயர்களும் வங்கிப் பெயர்களும் வைத்திருக்கிறார்கள். பிள்ளை "நான் பெட்ரோனாஸ்ல இருக்கேம்பா" என்று சொன்னால் எண்ணெய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நினைத்துப் பதறாதீர்கள்.

எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷன் போகிற பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. பகாங்கில் கம்பாங், பேராக்கில் கோப்பெங் என்று அந்தக் கல்லூரிகள் விடுதியோடு சேர்ந்தே இருக்கின்றன. போலிடெக்னிக் போகிறவர்கள்தான் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். ஈப்போவில் உங்கு ஓமார் 1969இலும், குவாந்தானில் சுல்தான் ஹாஜி அகமட் ஷா 1976இலும் தொடங்கிய பழைய இடங்கள். நம் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கொடுக்கிற நல்ல இடங்கள். ஆனால் பொதுவாகப் போலிடெக்னிக்குகளில் எல்லா மாணவர்களுக்கும், எல்லா செமஸ்டருக்கும் விடுதி கிடைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

பல்கலைக்கழகத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதைப் பிள்ளைகளே நம்மிடம் சொல்வதில்லை. முதல் வருஷம் புதிய மாணவர் என்று பெரும்பாலும் அறை கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் வருஷத்துக்குப் பல இடங்களில் புள்ளிக் கணக்குப் பார்க்கிறார்கள். விளையாட்டு, கழகம், விடுதி நிகழ்ச்சி இவற்றில் கலந்துகொண்டவனுக்குப் புள்ளி. நம் பிள்ளை அடக்கமான பிள்ளை, வகுப்பு விட்டால் அறை, அறை விட்டால் வகுப்பு. அப்பா அம்மா சொன்னபடியே நடக்கிறது! வருஷக் கடைசியில் புள்ளி இல்லை, அறையும் இல்லை. ஆகவே "வேற எதுலயும் சேராத, படிப்ப மட்டும் பாரு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். ஒரு கழகத்தில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பந்து விளையாடத் தெரிந்தால் விளையாடட்டும். உருமி அடிக்கத் தெரிந்தால் அதையும் அடிக்கட்டும். அது வீண் வேலை அல்ல, அடுத்த வருஷத்துக் கூரை.

இனி வாடகை அறைக்கு வருவோம். இங்கேதான் பாட்டாளியின் சட்டைப் பை கிழிகிறது.

ஓர் அறைக்கு மாதம் 500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் இந்த விலைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்கிற இடங்களும் உண்டு. நம் நாட்டு வழக்கத்தில் இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத முன்பணம், அதோடு முதல் மாத வாடகை. 1,000, 250, 500. கூட்டினால் 1,750 வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதாவது ஒரு தொழிலாளியின் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் முழுதும் கொடுத்தாலும் சாவி கைக்கு வராது, இன்னும் 50 வெள்ளி துண்டு விழும். கட்டில், மெத்தை, விசிறி, பஸ் காசு எல்லாம் அதற்கு மேல்.

இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து வீடு எடுப்பது லாபம்தான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பிள்ளை கையெழுத்துப் போட்டு, மற்றவர்கள் இடையில் விட்டுப் போனால் முழு வாடகையும் அந்த ஒன்றின் தலையில் விழும். தங்குகிற எல்லோர் பெயரும் தாளில் ஏறட்டும். உள்நாட்டு வரி இலாகாவின் முத்திரைக் கட்டணம் கட்டிய ஒப்பந்தமாக இருக்கட்டும். உள்ளே நுழைந்த அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கட்டும், முன்பணத்தைத் திரும்பக் கேட்கிற நாளில் அந்தப் படம் பேசும். அறையைக் கண்ணால் பார்க்காமல், யாரோ அனுப்பிய படத்தை நம்பி முன்பணத்தை வங்கியில் போடவே கூடாது. பணம் போன பிறகு அந்த எண்ணுக்கு அடித்தால் மணி கூட அடிக்காது.

இன்னொன்றையும் மூடி மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வாடகை விளம்பரங்களில் இந்தியர்களுக்கு இல்லை என்று பச்சையாகவே எழுதுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். ஃபோனில் இனிக்கப் பேசிவிட்டு, பெயரைச் சொன்னதும் "அறை போய்விட்டது" என்கிறவர்களும் உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது முதல் அடி. "நம்ம மேல என்னாப்பா தப்பு?" என்று கேட்டால் பதில் சொல்ல நமக்கே நாக்கு எழாது. இப்படிப் போகிற இடத்தில் பழைய மாணவர்கள்தான் கை கொடுக்கிறார்கள். மூத்த மாணவர் குடியிருந்த வீடு, அவர் போகும்போது இளையவர் கைக்கு வரும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இந்திய மாணவர்களின் மன்றமோ தமிழ்ப் பேரவையோ இருக்கும். போன முதல் வாரமே அந்த அண்ணன்மார் அக்காமாரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறதே என்பீர்கள். 1997இல் தொடங்கிய நிதி. அது இல்லாவிட்டால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் போயிருக்க முடியாது. ஆனால் கல்லூரிக்குள் கால் வைத்த அன்றே அந்தப் பணம் கைக்கு வந்துவிடாது. சில வாரங்கள் ஆகும், அது வரைக்கும் சாப்பிட வேண்டுமே? குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முன்பணம் கொடுக்கிற ஏற்பாடு உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். பிள்ளை பெயரில் எஸ்.எஸ்.பி.என். கணக்கும் முதலிலேயே திறந்திருக்க வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் படிப்புக் கட்டணத்துக்கு எடுக்க வழி இருக்கிறது. வெளியே எடுக்கிற வாடகை அறைக்கும் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பணம் போதாமல் ராத்திரிக் கடையில் வேலைக்குப் போய், காலை வகுப்பில் தூங்குகிற பையன்களை நாம் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கு ஃபோன் அடித்தால் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பான். அவன் பொய் சொல்வது உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தவன் என்பதால்.

அறை கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அப்புறம்தான் பிள்ளை தன்னந்தனியாக உட்காருகிறது.

நம் மலைப் பிள்ளைக்கு முதல் எதிரி வெயில். சுவெட்டர் போட்டுப் பள்ளிக்கூடம் போன பிள்ளை, விசிறி இல்லாமல் வளர்ந்த பிள்ளை. சமவெளியில் ராத்திரி புழுக்கத்தில் தூக்கம் வராது, காலையில் தலை கனக்கும். ஒரு மாதத்தில் உடம்பு பழகிவிடும், அது வரைக்கும் தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். இரண்டாவது சாப்பாடு. மூன்று வேளையும் விடுதிக் கடையில் சம்பல், வறுத்த கோழி. ஒரு கரண்டி ரசத்துக்கு ஏங்கும். பல விடுதிகளில் அறைக்குள் சோறு சமைக்கிற மின்சட்டிக்குத் தடை, பிடித்தால் அபராதம். ஆசையாக வாங்கிக் கொடுத்து அனுப்புகிற அம்மாக்கள் முதலில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பெரிது, பேச்சு. தோட்டத்தில் நம் பிள்ளைதான் கெட்டிக்காரி. அங்கே போனால் எல்லோரும் கெட்டிக்காரர்கள், அதிலும் பட்டணத்துப் பிள்ளைகள் இங்கிலீஷில் மழை மாதிரி பொழிவார்கள். நம் பிள்ளை கையைத் தூக்கிக் கேள்வி கேட்கக் கூசும். தெரியாததால் அல்ல, சொல்லில் தப்பு வந்துவிடுமோ என்று. இரண்டாவது மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ராத்திரி ஃபோன் வரும்: "அம்மா, நான் வந்துர்றேன்." அந்த ஃபோனுக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்து வையுங்கள். "சரி வந்துரு சாமி, நாம கஞ்சி குடிச்சுக்கலாம்" என்று பாசத்தில் சொல்லிவிட்டால் பிள்ளை அடுத்த பஸ்ஸில் ஏறிவிடும். "அவ்வளவு செலவு பண்ணியிருக்கு, ஓடி வந்தீன்னா காலை ஒடிப்பேன்" என்று சொன்னால் அடுத்த தடவை சொல்லாமல் மனசுக்குள் புழுங்கும். "இந்தப் பரீட்ச முடியட்டும், அப்பா வந்து ஒரு நாள் கூட இருந்துட்டு வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி போய்விட்டும் வாருங்கள். விடுதியில் பொறுப்பாளர் இருக்கிறார், பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர் இருக்கிறார். அங்கே போவது பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பது அல்ல. பல்வலிக்குப் போகிற மாதிரிதான்.

ஆனால் பிள்ளை அழுவது ஏக்கத்தாலா, யாராவது வதைப்பதாலா என்று பிரித்துப் பாருங்கள். பகடிவதை என்பது விளையாட்டு அல்ல. தமிழ்நாட்டில் 1996இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு மருத்துவ மாணவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்ட பிறகுதான் 1997இல் அங்கே தடைச் சட்டம் வந்தது. இலங்கையில் பேராதனையில் ஒரு தமிழ் மாணவரின் உயிர் போன பிறகு 1998இல் சட்டம் வந்தது. அடி, மிரட்டல், பணம் பிடுங்குதல் என்று பிள்ளை வாய் திறந்தால் "பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் புகார், அடுத்தது போலீஸ்.

பொம்பளப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறோம். அந்த அம்மாவிடம் நாம் சொன்னதை இங்கேயும் சொல்கிறோம். "அக்கா, ஆம்பளப் பையன விட்டுட்டு பொம்பளப் புள்ளய நிறுத்திப்புட்டா, நாளைக்கு அவ கையில என்னா இருக்கும்? ஒங்க கையில இருக்கிற அதே கத்தரிதான்." பெண்கள் தங்குகிற கட்டடம் தனி, வாசலில் காவல் உண்டு, ராத்திரி திரும்ப நேரம் உண்டு. நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தராவது ஒரு செமஸ்டர் கட்டணத்தைக் கட்டுவாரா?

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனார். பெரியவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளே இருந்த உண்மையான பயத்தை வெளியே எடுத்தார். "தம்பி, அடுத்த வருஷம் எனக்கு 60. ரிடையர் ஆனா இந்த வீட்ட விடணும். புள்ள லீவுக்கு வந்தா எங்க வரும்?"

நமக்குப் பேச்சு நின்றுவிட்டது. பிள்ளைக்கு அங்கே அறை தேடிக்கொண்டிருக்கிறோம், இங்கே இருக்கிற வீடே இரவல்! 2013 ஜூலை முதல் ஓய்வு வயது 60. தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீர் வெளிச்சம் எப்படி என்றெல்லாம் 1990ஆம் வருஷத்து 446ஆம் சட்டம் பேசுகிறது. வேலை முடிந்த பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும் என்பதற்கு அதில் பதில் இல்லை. இந்த லெம்பா பெர்த்தாமிலேயே 2013 அக்டோபர் 23ஆம் தேதி நடுராத்திரியில், அணைத் தண்ணீர் திறந்து சேற்று வெள்ளம் வந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதைக் கண்டவர்கள் நாம். வீடு என்பது எவ்வளவு லேசான பொருள் என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. (பிறப்புப் பத்திரம், சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். நகல் ஒன்று சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். பதிவு நாளில் அசலைக் கேட்பார்கள்.)

அன்று அந்த மேசையிலேயே ஒரு கடிதம் எழுதினோம். பிள்ளை படித்து முடிக்கும் வரை வீட்டை விட்டுவைக்கும்படி நிர்வாகத்துக்கு விண்ணப்பம், கூடவே பிள்ளையின் சலுகைக் கடித நகல். குடும்பத்தில் இன்னொருவர் அதே தோட்டத்தில் வேலை செய்தால் வீடு அவர் பெயருக்கு மாறலாமா என்ற கேள்வியும் அதில் உண்டு, ஏனென்றால் அந்த அக்காவுக்கு வேலை செய்ய இன்னும் வருஷங்கள் பாக்கி இருக்கின்றன. இப்படி 58, 59 வயதில் இருக்கிற தோழர்கள் பிள்ளை பல்கலைக்கழகத்தில் இருந்தால், ஓய்வுக் கடிதம் வருகிற வரை காத்திராமல் முன்கூட்டியே எழுத வேண்டும். நாம் எழுதித் தருகிறோம். வீட்டைக் காலி செய்த பிறகு வந்து சொன்னால் சங்கம் என்ன செய்யும்?

அந்தப் பிள்ளை சிந்தோக் போய்விட்டது. பெரியவர் கூடவே போய், அறையையும் கட்டிலையும் மேசையையும் பார்த்துவிட்டு வந்தார். மேசைக்கு மேலே விளக்கு இருக்கிறது என்று நம்மிடம் இரண்டு தடவை சொன்னார். வீட்டு விஷயத்தில், அக்கா வேலையில் இருக்கிற வரை அங்கேயே இருக்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் வாங்க இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

போன வாரம் அந்த அக்கா நம்மைக் கூப்பிட்டார். அனுப்பி வைத்த இரண்டு சுவெட்டரையும் திருப்பி அனுப்பப் போவதாகப் பிள்ளை சொல்கிறதாம். அதற்குப் பதிலாக வறுத்த நெத்திலியும் இஞ்சித் துவையலும் வேண்டுமாம். தாப்பாவிலிருந்து வடக்கே போகிற பஸ்ஸில் பார்சல் எடுத்துக்கொள்வார்களா, துவையல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார். பஸ்ஸை நாம் விசாரிக்கிறோம். துவையலுக்குப் பதில் தெரிந்த தாய்மார்கள் சொல்லுங்கள்.